பங்குனியில் புறப்படும் பறவைகள்

பனி உருகும் தேசங்களில் வாழ்கிறவர்களுக்கு வசந்தம் என்பது பறவைகள் வந்து சேரும் பருவம். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்று மேல், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் சங்கரன்கோவில் போன்ற ஊரில் வாழ்கிறவர்களுக்கோ, மாசி கழிந்து பங்குனி பிறக்கும் அதே வசந்தம் பறவைகள் புறப்பட்டுப் போகும் பருவம். ஒரே பிரயாணத்தின் இரு முனைகள் இவை. கஜகஸ்தானத்துப் புல்வெளியில் ஒரு பூனைப்பருந்து வந்திறங்கியதைக் கண்டு அவ்வூர்க்காரர் ஒருவர் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளும் தேதிக்குப் பின்னால், தென்னாட்டின் ஏதோ ஒரு கரிசல் தரிசை விட்டு அது மேலெழும்பிய தேதி ஒன்று இருந்தே தீரும். முன்னதைக் குறித்து வைப்பவர்கள் உலகில் ஏராளம். பின்னதைக் கவனிப்பவர்கள் மிகச் சிலர். அந்தப் பின்னதைப் பற்றி, தம் ஊர்க் குளக்கரையையே ஆராய்ச்சிக்குரிய களமாகக் கொள்ள விரும்பும் வாசகர்களை உத்தேசித்து எழுதுகிறேன்.

முதல் வரவைக் குறிக்கும் வழக்கத்துக்கு நெடிய சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் நார்ஃபோக் பிரதேசத்து நிலச்சுவான்தாரான ராபர்ட் மார்ஷம் என்பவர், தகைவிலான் குருவி முதலில் தென்பட்ட நாள், மரங்கள் தளிர்விட்ட நாள், தவளைகள் கத்தத் தொடங்கிய நாள் என்று வசந்தத்தின் அறிகுறிகளை 1736ஆம் ஆண்டு முதல் எழுதிவரத் தொடங்கினார். அவருக்குப் பின் அவருடைய சந்ததியார் அந்தக் குறிப்பேட்டை 1958 வரை கொண்டு செலுத்தினர். பருவநிலை மாறுகிறதா என்ற கேள்வி எழுந்தபோது, விஞ்ஞானிகள் நாடிச் சென்ற மூலாதாரங்களுள் அந்தக் குடும்பக் குறிப்பும் ஒன்றாயிற்று. நம் நாட்டில் பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தின் முயற்சியால் 2007ஆம் ஆண்டில் ‘மைக்ரன்ட் வாட்ச்’ என்ற திட்டம் பிறந்து, வலசைப் பறவைகள் வந்த நாளைப் பொதுமக்களிடமிருந்தே திரட்ட முற்பட்டது. வீட்டுத் தோட்டத்தில் வாலாட்டிக்குருவியைக் கண்ட ஆசிரியரும் மாணவரும் வங்கி ஊழியரும் எழுதி அனுப்பிய தேதிகள் ஆராய்ச்சிச் சாதனமாகும் என்பதை இந்தியாவில் நிலைநாட்டிய பெருமை அத்திட்டத்துக்கு உண்டு.

சங்கரன்கோவிலின் நிலத்தைச் சிறிது விவரித்தாலன்றி இங்கே பறவைகள் வருவதன் காரணமும் போவதன் காரணமும் விளங்கா. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரையில் திருநெல்வேலிச் சீமையோடு இருந்த இவ்வூருக்கு மேற்கே, புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கமெல்லாம் மலையடிவாரத்துத் தோட்டமும் நஞ்சையும் பச்சென்று கிடக்க, கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம், கழுகுமலை வழியாகக் கோவில்பட்டி வரையில் கரிசல் பூமி விரிகிறது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டித் தீர்ந்துவிட, இங்கே ஆடி மாதத்தில் வந்து சேர்வதெல்லாம் கணவாய்களின் வழியே பாயும் காற்றுத்தான். ஆடித்தபசுக்குக் கோமதியம்மனைத் தரிசிக்க வரும் லட்சக்கணக்கான ஜனங்களின் கண்ணில் புழுதியை வாரியிறைக்கும் அதே காற்று, இன்று ஊர்ப்புறத்துக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. குளங்கள் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையால். புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விதைத்த பருத்தி, சோளம், உளுந்து, பாசிப்பயறு முதலியன தை, மாசியில் வீடு வந்து சேர்கின்றன. பிறகு கரிசல் தரிசாகிவிடும். குளங்கள் வற்றத் தொடங்கும். கிணற்றுப் பாசனமுள்ள மல்லிகை, பிச்சித் தோட்டங்களில் மாத்திரம் ஈரம் நிற்கும். வட ஆசியாவில் பனி மூடிக்கிடக்கும் மாதங்களில் இங்கே நீரும் புழுவும் வெட்டுக்கிளியும் தானியமும் நிறைந்திருப்பதும், அங்கே பனி உருகிப் பூச்சிகள் பெருகும் காலத்தில் இங்கே நிலம் காய்ந்து வெடிப்பதும் ஆகிய இந்த மாறுகால் கணக்கே வலசையின் ஆதாரம்.

பங்குனித் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே ஒரு குளத்தைச் சென்று பார்ப்போமாயின், கரையோரம் பாளம் பாளமாக வெடித்த சேறும், அதற்குள் ஈரம் காயாத வண்டலும், நடுவில் முழங்காலளவுத் தண்ணீரும், அதைச் சுற்றி முளைத்த சீமைக்கருவேலும் தென்படும். தண்ணீரில் கூட்டமாக மிதக்கும் நீலச்சிறகி வாத்துகளை மார்கழியில் பார்த்தவர்களுக்கு ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே மங்கல் நிறமாகத் தோன்றியிருக்கும். மற்ற வாத்தினங்களில் ஆண்கள் தம் அலங்கார உடையை முன்பனிக்காலத்துக்குள்ளேயே அணிந்துகொண்டுவிட, இந்த இனத்தின் ஆண் மாத்திரம் அதை மாசி, பங்குனி வரையில் தள்ளிப்போடுவது அதன் விசேஷம். இப்போது பார்க்கையில், செம்பழுப்பு முகத்தில் கண்ணுக்கு மேலே தொடங்கிப் பிடரி வரையில் வளைந்து செல்லும் வெள்ளைப் புருவம் ஒவ்வொரு ஆணுக்கும் புதிதாகத் துலங்கியிருக்கும். அந்தப் புருவம் தெளியத் தெளிய அவை புறப்படும் நாளும் நெருங்குகிறது என்று கொள்ளலாம்.

கரையில் மேயும் ஆடுமாடுகளின் காலடியில் ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும் மஞ்சள் வாலாட்டியின் கதை இதைவிட ருசிகரமானது. ஐரோப்பாவின் மேற்கோரத்திலிருந்து ஆசியாவின் வடகோடி வரையில் முட்டையிட்டு வாழும் அந்த இனத்துக்கு உள்ளினங்கள் பல. அவற்றைப் பிரித்தறிய உதவுவது ஆணின் தலை நிறம். ஒன்றுக்குக் கருமை, ஒன்றுக்குச் சாம்பல், ஒன்றுக்கு இளநீலச் சாயல், ஒன்றுக்கு மஞ்சளே. நம் ஊரில் குளிர்காலம் முழுவதும் இவையெல்லாம் ஒரே மங்கல் உடையில் கலந்து திரிவதால், எது எத்தேசத்துப் பறவை என்று சொல்வது நிபுணர்களுக்கும் சிரமம். பங்குனியில் இறகு மாறித் தலைகள் நிறம் பெறத் தொடங்கியபின்னரே, ஒரே கிடையைச் சுற்றி மேய்ந்த குருவிகள் வெவ்வேறு தேசங்களுக்குப் பிரிந்து போக இருப்பவை என்பது பிரத்தியட்சமாகும். குளிர்காலத்து நான்கு மாதங்களில் கிடைக்காத அறிவு இந்தச் சில வாரங்களில் கிடைக்கிறது. வசந்தகாலத்தில் குளக்கரைக்குப் போவதை நிறுத்திவிடுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

இவை புறப்படும் காலத்தை எதைக் கொண்டு அறிகின்றன? கனடாவின் எட்மண்டன் நகரில் வில்லியம் ரோவன் என்ற பேராசிரியர் 1920களில் ஜன்கோ என்னும் சிறு குருவிகளைக் கூண்டிலடைத்து, உறைபனிக் காலத்தில் மின்விளக்கால் பகலை நீட்டிக் காட்டி, அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் காலத்துக்கு முன்பே வளர்வதைக் கண்டார். வலசைக்கு ஆயத்தமாவதற்கும் பகலின் நீளத்துக்கும் சம்பந்தம் உண்டு என்ற எண்ணம் அந்தப் பரிசோதனைகளிலிருந்து வேரூன்றியது. ஆயின் மாஸ்கோ நகரத்தில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் வித்தியாசம் பத்து மணி நேரத்துக்கு மேல். சங்கரன்கோவிலிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். இவ்வளவு சொற்பமான மாறுதலை நம்பி ஒரு குருவி ஆயிரக்கணக்கான மைல் பிரயாணத்தைத் தொடங்கும் என்று கொள்வது கடினம். இந்தப் பிரச்சினைக்கு ஒளி தந்தவர் ஜெர்மனியின் எபர்ஹார்ட் க்வின்னர். கதிர்க்குருவி இனமொன்றைப் பன்னிரண்டு மணி நேரப் பகலும் பன்னிரண்டு மணி நேர இரவுமாக, மாறாத வெப்பத்தில் வைத்துப் பராமரித்து, வெளியுலகத்தின் குறிப்பு ஏதுமின்றியே அவை உரிய பருவத்தில் இறகு உதிர்ப்பதையும், கொழுப்பேற்றுவதையும், வலசை செல்லும் மாதங்களில் இரவெல்லாம் கூண்டுக்குள் அமைதியின்றிப் படபடப்பதையும் அவர் காட்டினார். ஓராண்டுக் காலத்தை உத்தேசமாக அளக்கும் கடிகாரம் பறவையின் தேகத்துக்குள்ளேயே இயங்குகிறது. பகல் நீளம் அதைச் சரிபார்த்துத் திருத்துகிறது. பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் நம்முடைய தேசத்தில் தங்கும் பறவைக்கு அந்த உட்கடிகாரமே பிரதானமான வழிகாட்டி என்று நினைக்க இடமுண்டு.

கடிகாரம் உணர்த்தினாலும் ஆகாரம் இல்லாமல் புறப்பட முடியாது. நெடுந்தூரம் நிற்காமல் பறக்க வேண்டிய சிறு பறவைகளுள் சில, புறப்படுமுன் தம் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் அளவுக்குக் கொழுப்பேற்றுகின்றன. ஆகையால் மாசியிலும் பங்குனியிலும் வற்றுகிற குளத்துச் சேற்றில் புழு எவ்வளவு, பூந்தோட்டத்துப் பூச்சி எவ்வளவு என்பவை, வடக்கே அந்தப் பறவை எந்தத் தேதியில், என்ன தேகநிலையில் போய்ச் சேரும் என்பதோடு நேரே தொடர்புடைய விஷயங்களாகின்றன. மாசியிலேயே குளத்து மண்ணை அள்ளி லாரியில் ஏற்றுவதும், பூந்தோட்டத்தில் ஓயாமல் மருந்தடிப்பதும் இந்தக் கணக்கில் வந்து சேரும்.

இனி, போகும் நாளைக் குறிப்பது ஏன் கடினம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆராய்ச்சியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வந்தது ஒரு நிகழ்ச்சி. கண்ட மாத்திரத்தில் எழுதிவிடலாம். போனது நிகழ்ச்சியாகக் கண்ணில் படுவதில்லை. காணாமையிலிருந்து நாமாக ஊகித்தறிய வேண்டியது அது. மார்ச் மாதம் 28ஆம் தேதி கீச்சானைக் கண்டவர் அடுத்து ஏப்ரல் 8ஆம் தேதி சென்று காணாமல் திரும்பினால், அது போனது இடையிலுள்ள எந்த நாளாகவும் இருக்கலாம். போகாத நாட்களைக் குறித்து ஏதும் சொல்ல முடியாது. போயும் காணாத நாளோ மிக மதிப்புள்ள நாள். ஆனால் நம்மில் பெரும்பாலோர் கண்டதை எழுதுகிறோம், காணாததை எழுதுவதில்லை. அதனால்தான், குறிப்பேட்டில் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை நின்றேன், கண்டவற்றையெல்லாம் எழுதியிருக்கிறேன் என்ற முழுப் பட்டியல் முறையை இன்றைய ஆய்வாளர்கள் வற்புறுத்துகிறார்கள். முழுப் பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால், அந்த இன்மையே ஒரு செய்தியாகிவிடும்.

இன்னொரு சிக்கல் உண்டு. குமரிப் பக்கத்திலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்த பறவைகள் வடக்கே திரும்புகையில் நம் குளங்களில் தங்கி இளைப்பாறிச் செல்வதால், சித்திரைத் தொடக்கத்தில் நாம் காணும் வாலாட்டிகள் மார்கழியில் கண்டவைதாமா என்று சொல்வதற்கில்லை. கணக்கெடுத்துப் பார்த்தால், குறைந்துகொண்டே வந்த எண்ணிக்கை ஒரு வாரத்தில் திடீரென்று ஏறிப் பிறகு சரேலென்று விழுவதைக் காணலாம். அந்த ஏற்றம் அயலூர்ப் பறவைகளின் கடப்பு. ‘இருந்தது’ என்று மட்டும் எழுதாமல் எத்தனை இருந்தன என்றும் எழுதுவதன் அவசியம் இதிலிருந்து விளங்கும். அன்றியும், நீலச்சிறகிகள் ஒரு காலை காணாமற் போயிருந்தால் அவை சைபீரியாவுக்குப் புறப்பட்டுவிட்டன என்று தீர்மானித்துவிடலாகாது. குளம் வற்றியதால் பக்கத்துக் குளத்துக்கு மாறியிருக்கலாம். குளத்தில் கால்வாசி நீரா, அரைக்கால்வாசியா, மடைப்பள்ளத்தில் மட்டுமா என்பதை ஒவ்வொரு முறையும் எழுதி வைக்காதவருடைய குறிப்பிலிருந்து வலசையையும் வறட்சியையும் பிரித்தெடுக்க இயலாது. உள்ளான் இனங்களிலோ, முதலாண்டு இளம் பறவைகள் சில வடக்கே போகாமல் கோடை முழுவதையும் இந்தியாவிலேயே கழித்துவிடுவதுண்டு. வைகாசியில் கண்ட ஓர் உள்ளானை வைத்து ‘கடைசி நாள்’ என்று கோடு போட்டால் அந்தக் கோடு பொய்த்துப்போகும்.

ஆகவே கடைசியாகக் கண்ட ஒரே ஒரு தேதியை விட, ஒவ்வொரு வாரத்திலும் எத்தனை முறை போய், அவற்றுள் எத்தனை முறை கண்டோம் என்ற விகிதமே உறுதியான சான்று. இது முதல் வரவுக்கும் பொருந்தும். பார்ப்பவர்களின் தொகை பெருகப் பெருக முதல் தேதி தானாகவே முன்னால் நகரும். பறவை முன்பே வந்ததென்று அதற்குப் பொருளில்லை.

மேலே சொன்ன நுட்பங்களையெல்லாம் பயில்வதற்கு இவ்வூர்ப் பக்கத்தில் மிகத் தகுதியான பறவை சூறைக்குருவி என்பது என் அபிப்பிராயம். சோளக்குருவி என்றும் சொல்வார்கள். மத்திய ஆசியாவின் வறண்ட பிரதேசங்களில், வெட்டுக்கிளி மிகுந்த இடமாகத் தேடிப் பெருங்கூட்டமாய்க் கூடு கட்டும் இந்த மைனா இனம், அந்த வேலையைச் சில வாரங்களிலேயே முடித்துக்கொண்டு தெற்கே திரும்பிவிடுவதால், வலசைப் பறவைகளுள் முந்தி வருபவற்றில் ஒன்றாக ஆவணி வாக்கிலேயே நம் பக்கம் தலைகாட்டும். திரும்புவது பங்குனி, சித்திரையில். ஆண்டில் பாதிக்கு மேல் நம்மோடிருக்கும் இதனை விருந்தாளி என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை. மாலையில் ஆயிரக்கணக்கில் கூடி, அடைவதற்கு முன் வானத்தில் ஒரே உடம்பாய் வளைந்து திரும்பும் அதன் கூட்டத்தைத் திருநெல்வேலி நயினார்குளத்தில் நின்று பார்த்தவர்கள் அநேகர். கார்காலத்தில் அழுக்கேறியதுபோல் மங்கித் தெரியும் அதன் இளஞ்சிவப்பும் கருமையும் பங்குனியில் பளிச்சிடுவது புது இறகு முளைப்பதாலன்று. இறகுகளின் மங்கலான நுனி நாள்பட நாள்படத் தேய்ந்து உதிர, அடியிலிருந்த நிறம் வெளிப்படுகிறது. மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும்போது, எத்தனைக்கு நிறம் தெளிந்துவிட்டது, எத்தனை இன்னும் மங்கலாயிருக்கின்றன என்று எண்ணி வாரந்தோறும் எழுதிவந்தால், புறப்பாட்டின் நாளை முன்கூட்டியே கணிக்கப் பழகலாம். இதற்குத் தொலைநோக்கிகூட அத்தியாவசியமில்லை.

சுடலைக்குயில் அப்படிப்பட்டதன்று. ஆப்பிரிக்காவிலிருந்து பருவமழைக்கு முன்னோடியாக அது வந்து சேரும் நாளை வட இந்தியர் ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள். தென்னாட்டிலோ அவ்வினம் நிலையாகவே வாழ்வதால், முதல் தேதி பார்ப்பதில் இங்கே பயனில்லை.

பூனைப்பருந்துகளைப் பற்றிச் சொல்லும்போது மகிழ்ச்சி குறைந்துவிடுகிறது. ரஷ்யா, கஜகஸ்தானத்துப் புல்வெளிகளில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் நம் கரிசல் தரிசுகளின் மேலே தாழப் பறந்து வெட்டுக்கிளியும் சிறு பறவையும் பிடித்துண்டு, அந்தியில் தரையிலேயே புல்லுக்கிடையே கூட்டமாக அடையும் இந்தப் பருந்துகளுக்கு மரம் வேண்டாம். உழாத, கட்டடம் எழும்பாத, வெட்டவெளியான தரிசு வேண்டும். அட்ரி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெங்களூர் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கணேஷ், பிரசாந்த் ஆகிய இருவரும் இந்தியாவெங்குமுள்ள அடையிடங்களின் கணக்குகளை முதன்முறையாகத் தொகுத்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, முப்பதாண்டுக் காலத்தில் இவை குறைந்திருப்பதை எடுத்துக்காட்டிற்று. வருவாய்த்துறைப் பேரேட்டில் ‘தரிசு’ என்று எழுதப்பட்ட நிலத்தை, யாருக்கும் பயன்படாத நிலம் என்று கொண்டு காற்றாலைக்கும் சூரியமின் தகட்டுக்கும் வீட்டுமனைக்கும் எளிதாக எடுத்துக்கொடுக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. மின்சாரம் தேவையென்பதை நான் மறுக்கவில்லை. ஆயின் எந்தத் தரிசில் எத்தனை பருந்துகள் எந்த மாதம் வரை அடைகின்றன என்ற குறிப்பு ஊரில் ஒருவரிடமாவது இருந்தால், இந்தத் தரிசை விட்டு அடுத்ததை எடுங்கள் என்று சொல்ல ஆதாரம் இருக்கும். குறிப்பில்லாத இடத்தில் வாதத்துக்கும் இடமில்லை.

இந்தக் கவனிப்பு நம் மரபுக்குப் புதிதென்று எண்ண வேண்டாம். சத்திமுற்றப் புலவர் மதுரையில் குளிரில் வாடிக்கொண்டு தம் மனைவிக்குத் தூதாக விட்ட செங்கால் நாரையை, தெற்கே குமரித் துறையில் நீராடிவிட்டுப் பெடையோடு வடதிசை திரும்பும் பறவையாகவே அவர் காண்கிறார். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் சென்றவர்கள் அனைவரும் அறிந்த அந்தப் பாட்டு திரும்பும் வலசையைப் பற்றியது. பிற்காலத்தில், 1912ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996இல் தாம் மறையும் வரை இயற்கையைப் பற்றி இடைவிடாமல் எழுதிவந்ததோடு, தமிழிலும் சுவையான கட்டுரைகள் எழுதினார். கரிசல் பூமியின் கதாசிரியரான கி. ராஜநாராயணன், கிராமத்துச் சிறுவன் ஒருவன் பறவைகளோடு வளர்வதைப் ‘பிஞ்சுகள்’ நாவலில் எழுதியிருக்கிறார். கூர்ந்து பார்க்கும் கண் இந்தச் சீமைக்குக் குறைவில்லை; தேதி போட்டு எழுதும் பழக்கந்தான் சேர வேண்டியிருக்கிறது.

அதே அட்ரி நிறுவனம் மணிமுத்தாற்றில் நடத்திவரும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை 2011 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு ஜனவரி மாதங்களில் நடத்திவருவது பெரும் தொண்டு. ஜனவரி என்பது பறவைகள் வந்து நிலைத்திருக்கும் மாதம். எத்தனை என்ற கேள்விக்கு அது விடை தரும். எப்போது போயின என்ற கேள்விக்கு விடை மார்ச், ஏப்ரல் மாதங்களில், வெயில் ஏறி, பரீட்சைக்காலம் வந்து, குளக்கரையில் ஆளரவம் ஓய்ந்த பிறகே கிடைக்கும். 2023ஆம் ஆண்டு வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, சுமார் 30,000 பேர் அளித்த மூன்று கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 178 இனங்களை மிகுந்த கவலைக்குரியவையாக வகைப்படுத்தியது. நெடுந்தூரம் வலசை வரும் பறவைகளின் வீழ்ச்சியை அது தனியே எடுத்துரைக்கிறது. அத்தனை கோடிக் குறிப்புகளும் தனித்தனி மனிதர் தனித்தனிக் குளக்கரையில் நின்று எழுதியவையே.

ஆதலின் சங்கரன்கோவில் வட்டத்துப் பள்ளி ஆசிரியர்களையும், தறிக்கூடத்திலிருந்து காலையில் வீடு திரும்பும் தொழிலாளிகளையும், பூப்பறிக்க விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறவர்களையும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. நடந்து போகும் தூரத்திலுள்ள குளம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மாசி பிறந்தது முதல் சித்திரை முடியும் வரையில், ஒரே நேரத்தில், ஒரே கரையில் நின்று, தமிழ்த் தேதியோடு ஆங்கிலத் தேதியும் போட்டு, நீர் எவ்வளவு, பறவை எவை, எத்தனை என்று எழுதி வாருங்கள். ஒன்றும் காணாமல் திரும்பிய நாளையும் அன்றைய தேதியிட்டு எழுதி வையுங்கள்.